சூட்டோடு பாருங்கள்: பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பட்டறைத் தம்பிகளே, தங்கைகளே,

ஐடிஐ முடித்து வந்தவர்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தவர்கள், ஷோரூமில் சீருடை போட்டு வேலை பார்ப்பவர்கள், புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக் கடை நடத்துபவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கிவிட்டால் நம் கடைகளுக்கு ஒரு புகார் தவறாமல் வரும். "காலையில முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட் ஆயிடுதுண்ணே. நல்லா ஓடுது. டீ குடிக்க நிறுத்திட்டு வந்து சாவியப் போட்டா செல்ஃப் மட்டும் சுத்துது, என்ஜின் பிடிக்க மாட்டேங்குது. எப்படியோ பிடிச்சாலும் ஐடிலிங் நிக்கல, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஆஃப் ஆயிடுது."

இதற்கு நாம் சொல்லிப் பழகிய பதில் ஒன்று உண்டு: "வண்டிய விட்டுட்டுப் போங்க, சூடு ஆறட்டும், சாயங்காலம் பாத்து வைக்கிறேன்." இந்தப் பதிலை இனிச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

சாயங்காலம் பானெட்டைத் திறக்கும்போது வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பார்க்க வேண்டிய கோளாறு அங்கே இருக்காது. வண்டியை வாங்கிப் போட்டுவிட்டோம், ஏதாவது செய்தாக வேண்டும். பிளக் மாற்றுகிறோம், ஃபில்டர் மாற்றுகிறோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறோம், புது வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்பையே மாற்றுகிறோம். அவரும் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். மறுநாள் மதியம் அதே டீக்கடை வாசலில் அதே மாதிரி நிற்கிறார். கால் டாக்ஸி ஓட்டுபவராக இருந்தால் ஒரு சவாரி போச்சு, பின்சீட்டில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் இருந்தால் அதைவிடப் பெரிய சங்கடம். சூட்டில் வருகிற கோளாறு சூடு இருக்கிறவரைக்கும்தான் கண்ணில் படும். அதை ஆறவிடுவது, இருக்கிற ஒரே தடயத்தையும் நாமே அழிப்பதற்குச் சமம்.

என்ஜினை நிறுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்றுகிறது, ஃபேன் ஓடுகிறது, எதிர்க்காற்று அடிக்கிறது. சாவியைத் திருப்பிய கணத்தில் இவை நின்றுபோகின்றன, சூடு மட்டும் நிற்பதில்லை. சிலிண்டர் ஹெட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் தாங்கி வைத்திருந்த வெப்பம் மெல்ல மேலேறி கார்புரேட்டர், பெட்ரோல் பைப், இன்ஜெக்டர், சென்சார், காயில் என்று ஒவ்வொன்றிலும் இறங்குகிறது. ஆகவே பானெட்டுக்கு அடியில் மிக அதிகச் சூடு ஏறுவது வண்டி ஓடும்போது அல்ல, நிறுத்திப் பத்து இருபது நிமிடம் கழித்து. டீ குடித்து, பேப்பர் புரட்டி, காசு கொடுத்துவிட்டு வர ஆகிற நேரம் அது. நிறுத்திய உடனே ஸ்டார்ட் ஆகிற வண்டி கால் மணி நேரம் கழித்து முரண்டு பிடிப்பதற்கும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் இதுதான்.

இதனால்தான் வண்டிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நேரத்தைப் பற்றி. நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்து இப்படிச் செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆனதா, நிறுத்திய பிறகுதான் பிடிக்கவில்லையா? பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் இப்படி ஆகிறதா? பெட்ரோல் வாடை அடித்ததா? கடைசியில் ஸ்டார்ட் ஆனபோது கரும்புகை வந்ததா? இந்தக் கேள்விகளை அவரிடமே கேட்டுவிட்டால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதி வழி வந்துவிடுகிறது. பலர் இதைக் கேட்பதில்லை. ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கோளாறோடு தினமும் வாழ்பவர் அவர்தான்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளிலிருந்து தொடங்குகிறேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, அதையடுத்து வந்த ஆம்னி எல்லாம் இன்னும் நம் ஊர்களில் ஓடுகின்றன. இந்த வண்டிகளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்ரோல், தண்ணீரைப் போல ஒரே சூட்டில் கொதிக்கிற திரவம் கிடையாது. அது பல பொருட்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும். கனமான பகுதி 200 டிகிரி வரைகூடத் தாங்கும். மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ நிழலிலேயே 40 டிகிரி என்றால், சூடான என்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று மற்றொன்றுக்கு நேர் எதிரானது. ஆனால் வெளியில் தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான்: செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள்.

முதல் கோளாறில் பெட்ரோல் வந்து சேர்வதில்லை. பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் என்ஜினிலேயே பொருத்தப்பட்டு, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பைப்பில் ஆவி நிறைந்துவிட்டால் பம்ப் ஆவியைத்தான் தள்ளும், பெட்ரோல் வராது. நாம் ஏர் லாக் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஆவி அடைப்பைத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழைய டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்ததற்குக் காரணம் இது. அந்த வைத்தியம் சரியான வைத்தியம். துணி போட்டுப் பம்ப் குளிர்ந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனால் கோளாறு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டாவது கோளாறில் பெட்ரோல் வேண்டிய அளவுக்கு மேல் வந்துவிடுகிறது. நிறுத்திய வண்டியில் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் தேங்கி நிற்கும் பெட்ரோல் சூட்டில் கொதித்து, பால் பொங்கி அடுப்பில் வழிவதுபோல, ஜெட் வழியாக மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். சிலிண்டருக்குள் காற்றின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் கூடி, பிளக் நனைந்துவிடும். இந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். சோக் இழுத்தால் கதை முடிந்தது. ஆக்சிலேட்டரை ஒரே தடவையில் அடி வரை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். த்ராட்டில் முழுக்கத் திறந்து காற்று உள்ளே போய், கூடுதல் பெட்ரோலை வெளியே தள்ளும். இப்படிச் செய்து ஸ்டார்ட் ஆகி, பின்னால் கரும்புகை கக்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து வாடையடித்தால் வழிந்திருக்கிறது, காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதையும் சூடு இருக்கும்போதே செய்தால்தான் அர்த்தம். ஆறிய பிறகு நனைந்த பிளக்கும் காய்ந்துபோய்விடும்.

வழிகிறது என்று தெரிந்துவிட்டால் ஏன் வழிகிறது என்று தேடுங்கள். ஃப்ளோட் மட்டம் கூடியிருக்கலாம், நீடில் வால்வு தேய்ந்து ஒழுங்காக அடைக்காமல் இருக்கலாம். நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வேறு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கறுப்பாக, தடிமனாக ஒரு கட்டை இருக்கும். சூடு மேலேறாமல் தடுப்பதற்காகவே கம்பெனி அதை வைத்திருக்கிறது. யாரோ ஓவர்ஹால் செய்தபோது அது விரிசல் விட்டதென்று தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் பேக்கிங் வைத்து முறுக்கியிருப்பார்கள். எக்ஸாஸ்ட் பக்கமிருந்த தகரத் தடுப்பு ஆடிச் சத்தம் போடுகிறதென்று கழற்றி எறிந்திருப்பார்கள். உடைந்த கிளிப்பை மாற்றாமல் விட்டதில் பெட்ரோல் ஹோஸ் சரிந்து என்ஜின் மேல் படுத்திருக்கும். இவை மூன்றும் பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான்கள். வண்டி டீக்கடை வாசலில் நிற்பதற்கு இவற்றில் ஒன்று குறைந்தால் போதும்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, உறிஞ்சாமல் தள்ளுகிறது. பைப்பில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. வண்டியை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்க பம்பில் ஒரு செக் வால்வு இருக்கிறது. அது கசிந்தாலோ ரெகுலேட்டர் கசிந்தாலோ அழுத்தம் இறங்கி, சூட்டில் ஃப்யூயல் ரெயிலில் ஆவி சேர்ந்துவிடும். அப்புறம் செல்ஃபை நீளமாக அடிக்க வேண்டியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகு செல்ஃப் அடித்ததும் சட்டென்று பிடித்தால், நின்றிருந்த அழுத்தம் போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு பிரஷர் கேஜை மாட்டி, என்ஜினை நிறுத்தி, கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அழுத்தம் இறங்குகிறது என்றவுடன் பம்பை மாற்றிவிடக் கூடாது. இன்ஜெக்டர் சொட்டினாலும் அழுத்தம் இறங்கும். அப்போது பம்ப் மாற்றிய காசு வீண். இன்ஜெக்டர் சொட்டினால் அந்த ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து நனைந்திருக்கும், ஸ்டார்ட் ஆனதும் கரும்புகை வரும், கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் அடித்துப் பிறகு சரியாகும். பம்பின் செக் வால்வு என்றால் புகையும் வராது, வாடையும் இருக்காது.

பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை என்று ஒருவர் சொன்னால், பம்பையும் பிளக்கையும் விட்டுவிட்டு நேராக பர்ஜ் வால்வுக்குப் போங்கள். டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை கேனிஸ்டரில் பிடித்து, என்ஜின் ஓடும்போது மட்டும் அளவாக உள்ளே விடுகிற வால்வு அது. மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், டேங்க் நிரப்பியபோது தள்ளப்பட்ட ஆவி அப்படியே மேனிஃபோல்டுக்குள் போகும். ஹோஸைக் கழற்றி, கரண்ட் கொடுக்காமல் ஊதிப் பாருங்கள். வழக்கமாக அது மூடியிருக்க வேண்டும்.

அடுத்தது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். ஸ்கேனரைப் போட்டவுடன் எரர் கோடு ஒன்றும் இல்லை என்று மூடி வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கோடு வரவில்லை என்றால் சென்சார் நல்லது என்று பொருளாகாது. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் பெரும்பாலும் கோடு விழும். 90 டிகிரி இருக்கும் தண்ணீரை 30 டிகிரி என்று அது சொல்லிக்கொண்டிருந்தால் இசியு அதை நம்பி, குளிர்ந்த என்ஜினுக்குரிய பெட்ரோலை ஊற்றும். லைவ் டேட்டாவைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் 2,000 முதல் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து மீட்டரால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிற வண்டி வேறு வகை. அங்கே பெட்ரோலைத் தேடும் முன் கரண்டைத் தேடுங்கள். கிராங்க் சென்சாரின் உள்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போனால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் முதல் சந்தேகம் அந்தச் சென்சாரும் அதன் வயரும்தான். அந்த நேரத்தில் சென்சாரை மட்டும் ஈரத்துணியால் குளிர்வித்துப் பாருங்கள். உயிர் வந்தால் அதுதான். காயிலும் இதே மாதிரி சூட்டில் கைவிடும். ஸ்பார்க் பார்க்க டெஸ்டரைப் பயன்படுத்துங்கள். வயரைக் கழற்றி இரும்பில் தட்டிப் பார்க்கும் பழைய பழக்கத்தில் இன்றைய காயிலும் இசியுவும் கெட்டுப்போகும்.

செல்ஃபே சூட்டில் மெதுவாகச் சுற்றினால் அது தனிக் கதை. எர்த் கேபிள், டெர்மினல், கார்பன் பிரஷ், புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

இனி ஐடிலிங். குளிரில் நன்றாக நின்று, சூடானதும் நடுங்குகிறது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகிறது. கார்புரேட்டரில் சோக், இன்ஜெக்ஷனில் இசியு அதைக் கொடுக்கிறது. எங்காவது ஹோஸ் விரிந்து ஏர் இழுத்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கூடுதல் பெட்ரோல் குறையை மறைத்துவிடும். சூடானதும் பெட்ரோல் குறைக்கப்படும், மறைந்திருந்த குறை வெளியே வரும். மேனிஃபோல்டு பேக்கிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் ஆகியவற்றைச் சூடாக இருக்கும்போது தடவிப் பாருங்கள். குளிரில் விறைத்து அடைத்துக்கொள்ளும் ரப்பர் சூட்டில் இளகித் திறக்கும். ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் டிரிமைப் பாருங்கள். ஐடிலிங்கில் டிரிம் கூடுதலாகக் காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்ததும் இயல்புக்கு வந்தால் ஏர் இழுக்கிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் பெட்ரோல் போதவில்லை. ஏர் எங்கே இழுக்கிறது என்று பார்க்க, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோலையோ கிளீனரையோ பீய்ச்சி யாரும் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். புகை விட்டுப் பார்க்கும் கருவி இப்போது நம் ஊரிலேயே கிடைக்கிறது. திறந்த கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பின்னடித்தால் முகம் போய்விடும்.

எல்பிஜியில் ஓடும் ஆம்னி, ஆட்டோக்களில் ஐடிலிங் சூட்டில் மட்டும் கெட்டால் டேப்பெட்டை மறக்காதீர்கள். கேஸில் ஓடும்போது வால்வு சீட் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே போகும். சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும். எத்தனை தடவை டியூனிங் செய்தாலும் நிற்காது. ஃபீலர் கேஜ் வைத்தால் ஒரு மணி நேர வேலை.

இப்போதெல்லாம் எந்தக் கோளாறு வந்தாலும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான் என்று சொல்லிவிடுகிறோம். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனைக்கு வந்ததிலிருந்து நமக்கு இது வசதியான பதிலாகிவிட்டது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எத்தனால் கலந்தால் பெட்ரோலின் சில பகுதிகள் முன்பைவிடக் குறைந்த சூட்டில் ஆவியாகும். பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் சில இளகும் அல்லது வெடிக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை காற்றுப் பக்கம் சாயும், ஐடிலிங் நடுங்கும். அங்கே மிக்ஸர் ஸ்குரூவையும் ஜெட்டையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். ஆனால் பர்ஜ் வால்வு திறந்தே நிற்பதற்கும், கிராங்க் சென்சார் செத்ததற்கும், யாரோ தூக்கி எறிந்த தடுப்புக் கட்டைக்கும் எத்தனால் பொறுப்பாகாது. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் வண்டிக்காரர் நம்புவார்.

இவ்வளவையும் சூட்டோடு பார்க்க நேரம் வேண்டும். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும், நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், கை சுடச் சுடப் பார்க்க வேண்டும். இதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். சாமான் மாற்றினால் பில் போடலாம். ஒன்றும் மாற்றாமல் கண்டுபிடித்தால் "சும்மா பாத்ததுக்கா காசு?" என்று கேட்கிறார்கள். நாம் சாமான் மாற்றிக்கொண்டே இருப்பதற்குத் திறமைக் குறைவைவிட இந்தக் கேள்விதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பட்டறை முதலாளிகளிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன். பையன் ஒரு மணி நேரம் பானெட் பக்கத்தில் நின்று காத்திருந்தால் சும்மா நிற்கிறான் என்று திட்டாதீர்கள்.

எனவே அடுத்த முறை இந்தப் புகார் வரும்போது, ஜாப் கார்டில் "சூட்டில் சோதனை" என்று தனி வரி எழுதி, அதற்கொரு கூலியைக் குறியுங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள். கோளாறு வந்தபோது பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, ஸ்பார்க் வந்ததா, பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி காட்டியது என்று அதே கார்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். அவர் வழக்கமாக நிறுத்தும் டீக்கடையிலேயே நிறுத்துங்கள், கருவிகளோடு.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவன்